பயம் போய்ச் சேர்ந்த இடம்

நவநீதனுக்குப் பயமே கிடையாது என்று கோயம்புத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி, அந்தப் பயம் எங்கேதான் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நவநீதனே கேட்கவில்லை என்னும்போது ஊரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கிணத்துக்கடவு தாண்டி இருக்கும் டிராக் ரேஸ் மைதானத்தில், கதிர்மணி டீமுக்காகப் பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவன் அவன். இந்தப் பந்தயத்தில் வளைவு, சுற்று எதுவும் கிடையாது. இரண்டு வண்டிகள், ஒரு நேர்ச்சாலை, ஒரு பச்சை விளக்கு. பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் யார் ஜெயித்தது என்று தெரிந்துவிடும். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது இருக்கிற வேகத்துக்கு பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, பின்னாலிருந்து பாராசூட் விரிய வேண்டும். மெக்கானிக்குகள் அதைக் குடை என்பார்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் குடை விரியும், வண்டி அடங்கும். அழுத்தாவிட்டால் சாலை முடிகிற இடத்தில் மணல் மேடு, அதற்குப் பின்னால் கான்கிரீட் சுவர்.

மற்றவர்கள் கோட்டைத் தாண்டிய மறுகணமே அழுத்திவிடுவார்கள். நவநீதன் அழுத்தமாட்டான். சுவர் பெரிதாகிக்கொண்டே வரும், கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும், அதற்கப்புறம்தான் போனால் போகிறதென்று பொத்தானில் கை வைப்பான். குடை விரிந்து வண்டி மணலுக்கு முன்னால் வந்து நிற்கும்போது கைதட்டல் காதைப் பிளக்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கைதட்டல் அவனுக்குத்தான். சுவரொட்டியில் ‘லேட் குடை நவநீதன்’ என்றே போட்டார்கள். அவன் அந்தச் சுவரொட்டியில் ஒன்றை வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்தான். தலைக்கனம் பிடித்த ஆள்தான், மறைப்பதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நிதின் கூப்பிட்டு அனுப்பினான். பழைய முதலாளி காலமான பிறகு டீமைப் பார்த்துக்கொள்கிற மகன். சிறு வயதில் நவநீதனின் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன்.

“உக்காருங்ணா. காபி சொல்லட்டுங்களா?”

அந்த அறையில் அவனுக்கு யாரும் இதுவரை காபி சொன்னதில்லை. அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை ஃபைனலோட நாம பிரிஞ்சுக்கலாம்னு இருக்கோமுங்ணா. ரெண்டு பக்கமும் சம்மதிச்சுப் பிரியறோம்னு பத்திரிகைக்குச் சொல்லிக்கலாம்.”

“ரெண்டு பக்கமா? இந்தப் பக்கம் யார் சம்மதிச்சா?” என்றான் நவநீதன். “வயசாயிடுச்சுங்கறயா?”

“வயசைப் பத்தி யாருங்ணா பேசுனது? போன மாசம்கூட நீங்கதான ஜெயிச்சீங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்ணா. உங்க தாங்கிதான் இனி முடியாதுன்னுட்டாங்க.”

இடிதாங்கி என்பதைச் சுருக்கி அப்படிச் சொல்வார்கள். எல்லா டீமிலும் ஓட்டுநருக்கு ஒரு தாங்கி உண்டு. மைதானத்தின் ஓரத்தில் ஜன்னல் இல்லாத வேன் ஒன்று நிற்கும். ஓட்டுநர் ஹெல்மெட்டுக்குள் போட்டிருக்கும் அதே மாதிரி வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ஓட்டுநரின் பயம் முழுவதும் அங்கே போய்விடும். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. முகம் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான் என்பது டீம்களின் கணக்கு. ஜெயித்துத் திரும்பும்போது வேனை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவான் நவநீதன். அதற்குள் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

“அப்ப வேற தாங்கியைப் போடு.”

“உங்க நரம்புக்கு அவங்க மட்டும்தாங்ணா ஒத்து வந்தாங்க. புதுசா ஒருத்தரைப் பழக்கி எடுக்க நாலு வருஷம் ஆகும். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வர்றேன்னிருக்காங்க. டாக்டர் வேண்டாம்னுதான் சொன்னாரு, நெஞ்சு பலகீனமா இருக்குதாம். அவங்களே வர்றேங்கறப்ப நாம என்ன பண்றது?”

நவநீதன் காபியைத் தொடாமல் எழுந்து வந்தான். ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு ஆளுக்கு முடியவில்லை என்பதற்காக, நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கிற தான் வீட்டுக்குப் போக வேண்டுமா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டறையில் அப்பாஸ் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கரும்புக்கடைப் பகுதிக்காரன், டீமின் தலைமை மெக்கானிக். பந்தயத்துக்கு முன்னால் டயரைச் சூடேற்ற அந்த இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்புவார்கள். புகைக்குள் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. எதிரே நின்று இரண்டு கையாலும் சைகை காட்டி வண்டியைப் பின்னுக்கு வாங்கி, தொடக்கக் கோட்டில் நேராக நிறுத்துவது அப்பாஸின் வேலை. நவநீதன் உலகத்தில் முழுசாக நம்பியது அந்த இரண்டு கையைத்தான்.

“அந்தத் தாங்கி வீடு உனக்குத் தெரியுமில்ல?” என்றான் நவநீதன். “கூட்டிட்டுப் போ. இன்னும் ஒரு வருஷம் வரச் சொல்லிக் கேக்கறேன்.”

அப்பாஸ் வெளியே வந்து கையைத் துடைத்தான். “பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சாடா உனக்கு?”

“விதி இருக்குதில்ல.”

“விதியாம்.” அப்பாஸ் துணியை வீசினான். “சரி, வா. எப்படியும் உன்னைத் துரத்தியாச்சு. இனிமே விதி என்ன பண்ணும்?”

போகிற வழியில் நவநீதன் கேட்டான். “பயத்தை ஒரு ஊசி போட்டு அடக்கிட்டாப் போதாதா? அதுக்கு எதுக்கு இன்னொரு ஆள்?”

“ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணுனாங்க. பயத்தை மழுக்குனா காலும் சேர்ந்து மழுங்கிப்போச்சு. பச்சை விளக்கைப் பார்த்துக் கால் துள்ளுதே, அது பயத்தோட கூடப்பொறந்தது. ரெண்டையும் பிரிக்க முடியல. பயம் வந்தா அது யார் உடம்புலயாவது ஓடி முடியோணும். கரண்டுக்கு எர்த் வேணுமில்ல, அந்த மாதிரி. உனக்கு எர்த் சுந்தராபுரத்துல இருக்குது.”

சுந்தராபுரத்தில் பிரதான சாலையிலிருந்து நாலைந்து சந்து உள்ளே தள்ளி இருந்தது வீடு. கதவைத் திறந்தது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் கோகிலவாணி. பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள், மெஷின் சத்தம் ஒத்துக்கொள்ளாமல் போய் அதையும் விட்டுவிட்டாள். கூட வந்திருப்பது யாரென்று அப்பாஸ் சொன்னதும் அவள் நவநீதனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதானுங்களா?” என்றாள். “நான் வேற மாதிரி நெனச்சிருந்தேனுங்க. ஒல்லியா, ரொம்பப் பயந்த சுபாவமா.”

“நானா?”

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்ககிட்ட இருந்து வந்ததெல்லாம் பயம் மட்டும்தானுங்களே. பாவம் இந்த மனுசன், இத்தனை பயத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு வண்டி ஓட்டுறாரு, வேற வேலை கெடைக்கலையான்னு நெனப்பேனுங்க.”

அப்பாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நவநீதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாலைப் பக்கம் இல்லாத பின்கட்டு அறையில் உட்கார வைத்தாள். சமையலறையில் குக்கர் கிடையாது, விசில் சத்தம் ஆகாது. மகள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள், இவள் அதில் ஒரு நாளும் ஏறியதில்லை. பஸ்ஸில் ஏறினால் நடுக்கம், சாலையைக் கடக்க யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்தய நாளன்று டீமே ஆள் அனுப்பி, கண்ணைக் கட்டி, மெதுவாகப் போகிற காரில் கூட்டிப்போகிறதாம். இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள்.

“வர்றது ஒரு நிமிஷம்கூட இல்லீங்க, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துரும். போறதுக்குத்தான் நாளாகும். முன்னாடியெல்லாம் நாலு நாள்ல போயிரும். இப்பப் போறதே இல்லீங்க.”

“கிளம்பறப்பத்தான் கஷ்டமா இருக்குமுங்களா?” என்று நவநீதன் கேட்டான். ஒரு வருஷம் கேட்க வந்தவனின் வாய் வேறு எதையோ கேட்டது.

“கிளம்பறது பரவால்லீங்க. பளார்னு அறைஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கடைசியிலதான் உசுரு போகும். எல்லாம் முடிஞ்சுது, இனி நிக்கப் போகுதுன்னு இருக்கறப்ப நிக்காதுங்க. அந்தக் குடை விரியாது. செத்தோம், செத்தோம்னு உடம்பு பூராக் கத்தும். அப்புறமா விரியும்.” அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “அந்தக் குடையில என்னங்க கோளாறு?”

நவநீதன் அப்பாஸைப் பார்த்தான்.

“நான் எத்தனையோ தடவை எழுதிக் குடுத்துட்டேனுங்க, அதைச் சரி பண்ணச் சொல்லி. பாக்கறோம், பாக்கறோம்னுதான் சொல்றாங்க. உங்க டீம்ல அதுக்கு ஆளில்லீங்களா?”

அப்பாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் பந்தயத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது நவநீதனுக்குப் புரிந்தது. வண்டிப் படத்தைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும் என்கிறாள், சுவரொட்டியை எங்கே படிப்பது? தனக்கு ஒரு காசு செலவில்லாத வேடிக்கை என்று அவன் நினைத்திருந்தது இங்கே வந்து இறங்கியிருக்கிறது. இறங்கின இடத்தில் ஒருத்தி அதை மெஷின் பழுது என்று நினைத்து மனு எழுதியிருக்கிறாள்.

“ஆமாங்க,” என்றான். “பொத்தான் பழசு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிரச் சொல்றேன்.”

“பண்ணிருங்க. உங்களுக்கும் நல்லதுதானுங்களே,” என்றாள் கோகிலவாணி. அப்புறம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான்.

திரும்பும் வழியில் நவநீதனுக்கு, அவனை விட்டுப் போன மனைவி ஹேமா கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. மகளுக்கு டெங்கு வந்து ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் அவன் நிம்மதியாகத் தூங்கினான். பயம் வெளியே போய்ப் போய், மைதானத்துக்கு வெளியிலும் வராமல் போயிருந்தது. எங்களுக்காகக்கூட உங்களால் பயப்பட முடியாதா என்று ஹேமா கேட்டாள். அதை அவன் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான், அட மடையா.

“ஞாயித்துக்கிழமை என் தொப்பி வயரைக் கழட்டி விட்டுரு,” என்றான் அப்பாஸிடம்.

“டேய், பயந்து பழக்கமில்லாதவன் நீ. சின்னக் குழந்தைக்கு இருக்கற பழக்கம்கூட உனக்கில்ல.”

“கழட்டு. அந்தம்மா வேன்ல சும்மா உக்காந்திருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத.”

ஓட்டமே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். அந்த அளவுக்கு அவன் நல்லவனில்லை. கடைசி ஓட்டம், ஃபைனல், கூட்டம் நிரம்பி வழியும். அதை விட மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் திருவிழாவாக இருந்தது. ‘லேட் குடை’ என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பக்கத்து வண்டியில் பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு இளைஞன். அப்பாஸ் ஹெல்மெட்டை மாட்டும்போது பின்னால் கையை விட்டு வயரை உருவினான். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எதிரே போய் நின்றான்.

டயர் புகைந்தது. புகைக்குள் பின்னால் வரும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று ஊரில் சொல்வார்களே, அதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்றே அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். கை வியர்த்து கையுறைக்குள் வழுக்கியது. இந்த இரும்புக்குள் ஒருத்தன் ஏறி உட்காருவானா என்று தோன்றியது. இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. அப்பாஸின் கைகள் இன்னும், இன்னும், போதும் என்றன.

பச்சை விழுந்தது. கால் துள்ளியது, அதில் குறையில்லை. முதுகில் யாரோ எட்டி உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது. பாதிச் சாலையில் சுவர் தெரிந்தது. இத்தனை வருடத்தில் ஆயிரம் முறை பார்த்த சுவர்தான், அன்றைக்குத்தான் அது சுவராகத் தெரிந்தது. ஹேமாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தான். பாப்பா இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று நினைத்தான். அவன் விரல் யாரையும் கேட்காமல் பொத்தானை அழுத்தியது.

முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கமே குடை விரிந்தது. பாலக்காட்டுப் பையன் சர்ரென்று தாண்டிப் போனான். நவநீதன் வண்டி கோட்டை மெல்ல உருண்டு கடந்து நின்றது. கூட்டம் ஒரு நிமிடம் என்ன நடந்தது என்று புரியாமல் இருந்தது, அப்புறம் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாஸ் ஓடி வந்து, ஸ்டியரிங்கிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

“இதைத்தான் அந்தம்மா…” என்று ஆரம்பித்த நவநீதனால் முடிக்க முடியவில்லை.

அவமானத்தோடு கூடாரத்துக்குப் போனால் அங்கே நிதின் சிரித்த முகமாக நின்றான். பக்கத்தில் கோகிலவாணி. முகத்தில் வியர்வைகூட இல்லை.

“அண்ணா, விதியாவது ஒண்ணாவது, இன்னிக்கு நானே அறிமுகம் பண்றேன். இவங்கதான் உங்க தாங்கி. வேன்ல மீட்டரைப் பார்த்து டாக்டரே அசந்துட்டாருங்ணா. நாடித்துடிப்பு ஏறவே இல்ல. அக்கா உடம்பு பழகிருச்சாம்.”

கோகிலவாணி புதிதாகப் பார்க்கிறவள் போலக் கைகூப்பினாள். கண்ணில் அவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு சிரிப்பு இருந்தது.

“ஒண்ணுமே வரலீங்க,” என்றவள் நிதின் பக்கம் திரும்பினாள். “தம்பி, அந்தக் குடையைச் சரி பண்ணிட்டீங்களா?”

“பண்ணியாச்சுங்க்கா,” என்றான் நிதின், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

“இதை அப்பவே பண்ணியிருக்கலாமுங்களே. இப்படின்னா நான் இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் வருவேனுங்க. இந்த அண்ணனுக்கும் வேலை போகாதில்ல?”

“அதைத்தான் சொல்ல வந்தேன்.” நிதின் நவநீதனின் தோளில் கை போட்டான். “இன்னிக்குத் தோத்ததை வண்டிக் கோளாறுன்னு சொல்லிக்கலாம். பிரியற பேச்சை விட்டுருவோம். அடுத்த சீசனுக்கும் நீங்கதாங்ணா.”

கேட்கப் போன ஒரு வருஷம் தானாக வந்து எதிரே நின்றது. தலையை ஆட்டினால் போதும். இனிமேல் நேரத்துக்கு அழுத்திவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் அப்படி நினைக்கிறவன் இப்போது பயந்து போயிருக்கிற நவநீதன். வயரை மாட்டிவிட்டால் இந்தப் பயம் இவளிடம் போய்விடும், பழைய ஆள் வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பான், கூட்டம் எழுந்து நிற்கும், அவன் விரலைத் தூக்கியே வைத்திருப்பான். தன்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. இவள் நெஞ்சு ஒரு நாள் அந்த வேனுக்குள்ளேயே நின்றுபோகும். அன்றைக்கும் அவன் ஜன்னலில்லாத அந்தத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவான்.

“குடையில கோளாறு எதுவும் இல்லீங்க,” என்றான் நவநீதன்.

“அண்ணா,” என்றான் நிதின்.

“இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் வராததுக்குக் காரணம், நான் வயரைக் கழட்டிட்டு ஓட்டுனேன். குடை எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொத்தானை லேட்டா அழுத்துவேன். வேணும்னேதான். உங்க வீட்ல வெச்சு உங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

நிதின் தோளிலிருந்து கையை எடுத்தான். “வீட்டுக்கே போனீங்களா? வயரைக் கழட்டுனீங்களா? இதுக்கு மேல ரெண்டு பக்கச் சம்மதமும் தேவையில்லீங்ணா. சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க.” போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நவநீதன் டீம் சட்டையின் பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்தான். கோகிலவாணி நகராமல் நின்றாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான். அது இருந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?” என்றாள் கடைசியில்.

“கைதட்டுவாங்க.”

“உள்ள எனக்கும் கேக்குமுங்க அந்தச் சத்தம்,” என்றாள். “உயிரோட நின்னுட்டீங்கன்னு சந்தோசத்துல தட்டுறாங்கன்னு நெனச்சேன். உள்ள உக்காந்து நானும் சேர்ந்து தட்டுவேனுங்க.”